வேஸ்ட்கேட்டை எப்போது திறக்க விடுவது? பூஸ்ட் கண்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து, பொருத்தி, டியூன் செய்ய ஒரு முழு வழிகாட்டி

டர்போ காரில் பூஸ்டை, அதாவது இன்ஜினுக்குள் திணிக்கும் கூடுதல் காற்றழுத்தத்தை, உண்டாக்குவது டர்போ. அதற்கு எல்லை போடுவது வேஸ்ட்கேட். நடுவில் நாம் காசு கொடுத்து வாங்கி மாட்டும் பூஸ்ட் கண்ட்ரோலருக்கு ஒரே வேலைதான்: டர்போவிலிருந்து வேஸ்ட்கேட்டுக்குப் போகும் அழுத்தத்தைக் கொஞ்ச நேரம் மறைத்து வைப்பது, அல்லது குறைத்துக் காட்டுவது. பச்சையாகச் சொன்னால், வேஸ்ட்கேட்டிடம் பொய் சொல்வது. எந்தப் பொருளை வாங்குவது, எந்த ஹோஸை எங்கே மாட்டுவது, எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகிறது.

உதாரணத்துக்கு நிஸான் சில்வியா எஸ்15 ஸ்பெக்-ஆர் காரை எடுத்துக்கொள்கிறேன். 1999 முதல் 2002 வரை ஜப்பானில் விற்றது. 2 லிட்டர் எஸ்ஆர்20டிஇடி இன்ஜின், 8.5:1 கம்ப்ரெஷன், 250 பிஎஸ் பவர், டி28 டர்போ, டர்போவுக்குள்ளேயே வேஸ்ட்கேட். அமைப்பு எளிமையானது, பானெட்டைத் திறந்தால் எல்லாமே கண்ணில் படும். இதே இன்ஜின் குடும்பம் ஹாஃப்-கட்டாக (பாதியாக வெட்டிய பழைய காராக) மலேசியாவுக்கும் நிறைய வந்திறங்கியிருக்கிறது. உங்களிடம் இருப்பது சுபாரு டபிள்யூஆர்எக்ஸோ லான்சர் எவல்யூஷனோ என்றாலும் அடிப்படை இதேதான்.

முதலில், வேஸ்ட்கேட் எப்படித் திறக்கிறது

டர்போவில் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கதவு இருக்கிறது. அது மூடியிருந்தால் எக்ஸாஸ்ட் வாயு முழுவதும் டர்பைனைச் சுழற்றும். திறந்தால் ஒரு பகுதி டர்பைனைச் சுற்றிக்கொண்டு நேராக சைலன்சர் பக்கம் போய்விடும். அந்தக் கதவை ஒரு கம்பி இழுத்துப் பிடித்திருக்கிறது. கம்பியின் மறுமுனையில் தகர டப்பா மாதிரி ஆக்சுவேட்டர்; அதற்குள் ஒரு ரப்பர் டயஃப்ரமும் ஒரு ஸ்பிரிங்கும். கம்ப்ரெஸரிலிருந்து (டர்போவில் காற்றை அழுத்தும் பக்கம்) ஒரு சின்ன ஹோஸ் வழியாக வரும் பூஸ்ட் அழுத்தம் டயஃப்ரத்தைத் தள்ளும். ஸ்பிரிங்கின் பலத்தை அது மிஞ்சும்போது கதவு திறக்கும்.

எஸ்15-இல் அந்த ஸ்பிரிங் ஏறக்குறைய 7 பிஎஸ்ஐ, அதாவது அரை பார் அளவில் விட்டுக்கொடுக்கும். இங்கிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. கண்ட்ரோலரால் பூஸ்டை ஸ்பிரிங் அளவுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஏற்ற மட்டுமே முடியும். அடுத்து, ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ் கழன்றாலோ வெடித்தாலோ வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது. பூஸ்ட் எல்லையில்லாமல் ஏறும். இந்த இரண்டாவதை எழுதி கராஜ் சுவரில் ஒட்டி வைத்தாலும் தகும்.

படி 1: உங்கள் காருக்கு இந்தப் பொருள் பொருந்துமா

நிறையப் பேர் இங்கேயே கடையை மூடிவிடலாம், பணம் மிச்சம். இன்று ஷோரூமில் விற்கும் சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில், உதாரணமாக ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ-யில், வேஸ்ட்கேட்டை அசைப்பது காற்றழுத்தம் இல்லை, ஒரு மின்மோட்டார். அங்கே இடைமறிப்பதற்கு ஹோஸே கிடையாது. மாற்ற வேண்டுமென்றால் ரீமேப், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் மென்பொருளை மாற்றுவது, ஒன்றுதான் வழி. டீசல் கார்களில் வரும் விஜிடி டர்போவிலும் இதே கதைதான். அதில் வேஸ்ட்கேட்டுக்குப் பதில் டர்பைனைச் சுற்றி அசையும் இறக்கைகள் இருக்கின்றன. பெட்ரோல் காருக்குச் செய்த கண்ட்ரோலரை அதில் மாட்டுவது வீண்.

நடுவில் ஒரு கூட்டம் உண்டு: காற்றழுத்த ஆக்சுவேட்டரும் இருக்கும், அதைக் கட்டுப்படுத்த கம்பெனியே வைத்த சோலனாய்டும் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) இருக்கும். டபிள்யூஆர்எக்ஸ், எவோ எல்லாம் இந்த வகை. அந்த இசியுவை ரீமேப் செய்ய முடியும் என்றால் தனிக் கண்ட்ரோலர் வாங்காதீர்கள். எந்த கியர், எந்த ஆர்பிஎம், காற்று எவ்வளவு சூடு, இன்ஜின் தட்டுகிறதா என்று இசியுவுக்கு ஏற்கெனவே தெரியும். நீங்கள் வாங்கும் பெட்டிக்கு அவற்றில் பாதிகூடத் தெரியாது. அதோடு, புதிய கார்களில் இசியு எதிர்பார்த்ததைவிட பூஸ்ட் கூடினால் அதுவே த்ராட்டிலை மூடிவிட்டு செக் இன்ஜின் விளக்கைப் போட்டுவிடும்.

ரீமேப் எளிதில் நடக்காத பழைய கார், இன்ஜின் மாற்றிய கார், டர்போ கிட் போட்ட கார், டர்போவுக்கு வெளியே தனி வேஸ்ட்கேட் வைத்த கார்: இவர்களுக்குத்தான் தனிக் கண்ட்ரோலர்.

படி 2: கண்ட்ரோலருக்கு முன் மீட்டர்

பூஸ்ட் மீட்டர் இல்லாமல் கண்ட்ரோலர் மாட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதோடு, காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரும் மீட்டரும் வேண்டும். பட்ஜெட் இடித்தால் கண்ட்ரோலரில் விலை குறைந்ததை வாங்கிக்கொள்ளுங்கள், வைட்பேண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மீட்டரில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, 100 கிலோபாஸ்கல். பழைய ஜப்பானிய மீட்டர்களில் இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு, அதில் 1.0 என்றால் 14.2 பிஎஸ்ஐ. இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சில இசியுக்களும் லாகர்களும் (எண்களைப் பதிவு செய்யும் கருவிகள்) காட்டுவது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம். இன்ஜின் ஓடாதபோதே 100 கிலோபாஸ்கல் காட்டினால் அது மொத்த அழுத்தக் கணக்கு. அதில் 180 என்றால் உண்மையான பூஸ்ட் 0.8 பார். ஒருவர் மொத்த அழுத்தத்தில் சொன்ன எண்ணை இன்னொருவர் பூஸ்ட் என்று எடுத்துக்கொண்டால் பிஸ்டனுக்குத்தான் கேடு.

மீட்டர் தயாரானதும் காரின் உடல்நிலை. ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் ஒரு அடைப்பானை மாட்டி, கம்ப்ரெஸர் வைத்து 10 முதல் 15 பிஎஸ்ஐ காற்று விட்டு, எல்லா மூட்டுகளிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். பஞ்சர் கடைக்காரர் ட்யூபில் தேடுகிற அதே குமிழிகளைத்தான் நீங்களும் தேடுகிறீர்கள். 20 வருஷம் ஆன ஹோஸ்கள் கொண்ட காரில் ஒழுகல் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். இண்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றை ஆற வைக்கும் பகுதி) ஹோஸ் ஒழுகிக்கொண்டிருக்கும்போது பூஸ்டை ஏற்றினால் டர்போ வீணாக வேகமெடுத்துச் சூடாகும்; காற்று இன்ஜினுக்குப் போய்ச் சேராது.

கம்ப்ரெஷன் டெஸ்ட், புது ஸ்பார்க் பிளக், புது ஃப்யூல் ஃபில்டர் மூன்றும் இப்போதே முடிந்துவிட வேண்டும். பிளக் இடைவெளியை 0.8 மில்லிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். சிலிண்டரில் அழுத்தம் கூடக் கூட, அகலமான இடைவெளியைத் தாண்ட முடியாமல் பொறி அணையும். அப்புறம், கண்ட்ரோலர் எதுவும் இல்லாமல் கம்ப்ரெஸரிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேர் ஹோஸ் போட்டு ஓட்டி, வெறும் ஸ்பிரிங் எவ்வளவு பூஸ்ட் தருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

படி 3: எவ்வளவு வேண்டும் என்பதை ஸ்க்ரூவைத் தொடும் முன்பே முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பெரும்பாலோர் அதிகம் தாவிப் போவதும் இதைத்தான்.

எஸ்15-இல் 0.5 பாரிலிருந்து 0.8 பாருக்குப் போனால் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) மொத்த அழுத்தம் 1.5-இலிருந்து 1.8 ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று, காகிதத்தில். ஆனால் காற்றை அழுத்தினால் சூடாகும். வெளியே 35 டிகிரி, கம்ப்ரெஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அரை பார் பூஸ்டில் டர்போவைவிட்டு வெளியேறும் காற்று ஏறக்குறைய 89 டிகிரி. 1 பாரில் அதுவே 130 டிகிரியைத் தொடும். டர்போ தன் திறன் எல்லையைத் தாண்டினால் இன்னும் மோசம். இண்டர்கூலர் இதை இறக்கும், ஆனால் சென்னை மே மாதத்தில் அதன் மேல் மோதுகிற காற்றே கொதிக்கிறதே.

சூடான காற்று இருந்தால் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது. நாக்கிங்கைத் தாங்குவது பெட்ரோலின் ஆக்டேன். ஜப்பானியக் கார்கள் பலவும் அந்த ஊரின் 100 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலை மனதில் வைத்து டியூன் செய்யப்பட்டவை. இந்தியாவில் சாதாரண பெட்ரோல் வெகுகாலம் 91 ஆகத்தான் இருந்தது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்பி100 எல்லா பங்கிலும் கிடைப்பதில்லை. இலங்கையில் 92-உம் 95-உம். ஜப்பானில் ஒருவர் அதே காரில் 0.9 வைத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறார் என்பதை நம்பி நீங்களும் 0.9 வைத்தால், அவருடைய பெட்ரோலும் அவருடைய வானிலையும் உங்களிடம் இல்லை.

அடுத்து பெட்ரோல் போய்ச் சேருவது. ஸ்டாக் (கம்பெனி கொடுத்த) இசியு காற்றோட்ட மீட்டரைப் பார்த்து, காற்று கூடக் கூட பெட்ரோலையும் கூட்டும். அந்த மீட்டர் தன் அளவின் உச்சிக்கு வரும்வரைதான் இது நடக்கும். அதற்கு மேல் காற்று கூடினாலும் இசியுவுக்குத் தெரியாது. இன்ஜெக்டர்கள் 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே கிடந்தால் அவையும் எல்லைக்கு வந்துவிட்டன என்று அர்த்தம். பம்பையும் மறக்காதீர்கள்: பூஸ்ட் 1 பார் ஏறினால், பூஸ்டோடு சேர்ந்து ஏறும் ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தையும் 1 பார் ஏற்றும், அழுத்தம் ஏறினால் பழைய பம்ப் தள்ளும் அளவு குறையும். எல்லாமே அதிகம் தேவைப்படும் நேரத்தில் பம்ப் குறைவாகக் கொடுக்கும்.

கடைசியாக டர்போவும். நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜினில் வந்த சாதாரண டர்போக்களின் டர்பைன் சக்கரம் செராமிக். சீக்கிரம் சுழலட்டும் என்று எடை குறைத்துச் செய்தது. பூஸ்ட் ஹோஸுக்குள் இருக்கும் சின்ன ரெஸ்ட்ரிக்டரைப் பிடுங்கிப் போட்டாலே பூஸ்ட் ஏறும் என்பது அந்தக் காரின் பிரபலமான இலவச வைத்தியம். ஆனால் 1 பாரைத் தாண்டி அழுத்தினால் செராமிக் சக்கரம் தண்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும் என்பதும் அதே அளவு பிரபலம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஸ்டாக் டர்போ, ஸ்டாக் இன்ஜெக்டர், ஸ்டாக் இசியு உள்ள எஸ்15-க்கு நம் ஊர் வெயிலில் 95 ஆக்டேனோடு 0.7 பார் என்பது என் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் கண்ட்ரோலருக்குச் செலவழிக்கும் முன் இசியு டியூனுக்குச் செலவழியுங்கள்.

ஒரு பழைய விஷயம் இங்கே பொருந்தும். ஸ்வீடனின் சாப் கார் நிறுவனம் 1982 மாடல்களில் ஏபிசி என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இன்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். தட்டல் தொடங்கினால் ஒரு சோலனாய்டு வேஸ்ட்கேட்டைத் திறந்து பூஸ்டை இறக்கும். மட்டமான பெட்ரோல் போட்டால் பவர் குறையும், இன்ஜின் பிழைக்கும். கடையில் தனியாக விற்கும் பூஸ்ட் கண்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றைக்கும் அந்தக் காது கிடையாது. நீங்கள் சொன்ன எண்ணை, இன்ஜின் உடைந்தாலும், விசுவாசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

படி 4: எந்த வகை

ப்ளீட் வகை மிக மலிவு. ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றில் கொஞ்சத்தை ஒரு வால்வு வழியாக வெளியே கசிய விடும். மீன்தொட்டியின் காற்று வால்வை வைத்தே சிலர் செய்துவிடுகிறார்கள். வேலை செய்யும். ஆனால் கசிவு எப்போதும் ஒரே அளவாக இருக்காது. குளிர் காலையில் ஒரு எண், மதியம் வேறு எண். அதோடு கதவு சீக்கிரமே மெல்லத் திறக்கத் தொடங்குவதால் பூஸ்ட் ஏறுவதும் மந்தம். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பால்-ஸ்பிரிங் வகைக்குள் ஒரு சின்ன உலோகக் குண்டை ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். நீங்கள் வைத்த அழுத்தம் வரும்வரை ஆக்சுவேட்டருக்குக் காற்றே போகாது, அதனால் வேஸ்ட்கேட் இறுக்கமாக மூடியிருக்கும், டர்போ விறுவிறுவென்று எழும். அளவு வந்ததும் குண்டு நகர்ந்து வழிவிடும். ஆக்சிலரேட்டரை விட்டதும் ஆக்சுவேட்டர் பக்கம் அடைபட்ட காற்று வெளியேற, உடலில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்க வேண்டும். வாங்கும்போது அந்தத் துளையைத் தேடிப் பாருங்கள். மலிவுப் போலிகளில் அது இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும். டர்போஸ்மார்ட், ஹால்மன் போன்ற பெயர்கள் இந்த வகையில் பழகியவை. தினமும் ஓட்டும் கார், ஒரே பூஸ்ட் அளவு, நியாயமான இலக்கு என்றால் இதுவே போதும். என் வாக்கு இதற்குத்தான்.

எலெக்ட்ரானிக் வகையில் பெரும்பாலும் ஒரு சோலனாய்டு நொடிக்கு ஏறக்குறைய 30 தடவை திறந்து மூடி, ஆக்சுவேட்டருக்கு எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானிக்கும். மேனிஃபோல்ட் அழுத்தத்தைத் தானே அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் மாடல்களும் உண்டு. ஹெச்கேஎஸ் இவிசி, க்ரெடி ப்ரோஃபெக், டர்போஸ்மார்ட் ஈ-பூஸ்ட் எல்லாம் இந்த வரிசை. இரண்டு பூஸ்ட் அளவு வேண்டும், ஓவர்பூஸ்ட் எச்சரிக்கை வேண்டும், பெரிய டர்போவும் தனி வேஸ்ட்கேட்டும் இருக்கின்றன என்றால் இதை வாங்குங்கள். டிஸ்ப்ளே அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்குவதும் ஒரு காரணம்தான். அதை ஒப்புக்கொண்டு வாங்கினால் சரி.

காருக்குள் உட்கார்ந்தபடியே திருகும் குமிழ் பற்றி ஒரு வார்த்தை. 1980களின் ஃபார்முலா 1 டர்போ கார்களில் ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் பூஸ்ட் குமிழ் இருந்தது. கடைசியில் மொத்த அழுத்தக் கணக்கில் 1987-இல் 4 பார், 1988-இல் 2.5 பார் என்று வால்வு வைத்தே கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நீங்களும் திருகுவீர்கள். பானெட்டுக்குள்ளேயே வையுங்கள்.

படி 5: பொருத்துவது

அழுத்தம் எங்கிருந்து எடுப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். வேஸ்ட்கேட்டுக்கான காற்று, டர்போ கம்ப்ரெஸர் உடலில் இருக்கும் சின்ன முனையிலிருந்து, அதாவது த்ராட்டிலுக்கு முன்னால். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுத்தால், ஆக்சிலரேட்டரை விடும்போது வெற்றிடம் அந்த ஹோஸை உறிஞ்சும். எலெக்ட்ரானிக் கண்ட்ரோலரின் சென்சாருக்கும் பூஸ்ட் மீட்டருக்கும் மட்டும் மேனிஃபோல்டிலிருந்து தனி இணைப்பு. ப்ளோ-ஆஃப் வால்வுக்கு (ஆக்சிலரேட்டரை விடும்போது மிஞ்சிய பூஸ்டை வெளியேற்றும் வால்வு) போகும் ஹோஸில் டி போட்டு எடுக்காதீர்கள், சிக்னல் நடுங்கும்.

பால்-ஸ்பிரிங் கண்ட்ரோலரின் உடலில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது கம்ப்ரெஸரிலிருந்து ஆக்சுவேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் குண்டு வழியை அடைத்துவிடும், வேஸ்ட்கேட்டுக்குச் செய்தியே போகாது. சந்தேகம் இருந்தால் வாயால் ஊதிப் பாருங்கள்: ஒரு பக்கம் ஊதினால் ஸ்பிரிங்கின் தடை தெரியும், மறுபக்கம் அடைத்துக்கொள்ளும்.

எஸ்15 போன்ற கார்களில் கம்பெனி சோலனாய்டை வழியிலிருந்து விலக்க வேண்டும், ஆனால் அதன் மின் இணைப்பை மாட்டியே வையுங்கள். கழற்றினால் பல கார்களில் செக் இன்ஜின் விளக்கு எரியும். சோலனாய்டின் கழன்ற காற்று முனைகளையும், ஏர் ஃபில்டர் குழாயில் அது திறந்து வைத்த முனையையும் மூடிவிடுங்கள். இல்லையென்றால் தூசி நேராக டர்போவுக்குள் போகும்.

ஹோஸ் 4 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள நல்ல சிலிக்கான் ஹோஸ். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முனையிலும் கிளிப் போடுங்கள், வெறுமனே திணித்துவிட்டுப் போகாதீர்கள்.

மூன்று முனை சோலனாய்டுக்கு ஒரே சட்டம்: மின்சாரம் இல்லாதபோது கம்ப்ரெஸர் முனையும் ஆக்சுவேட்டர் முனையும் இணைந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் வயர் அறுந்தாலும் ஃபியூஸ் போனாலும் பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்கு இறங்கிவிடும். முனைகளின் எண் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, அதனால் படத்தை நம்பி நிற்காமல் சாவியை ஆஃப் செய்துவிட்டு ஊதிச் சரிபாருங்கள். சோலனாய்டை பாடியில் பொருத்துங்கள். இன்ஜின் மேல் பொருத்தினால் சூடும் அதிர்வும் அதைச் சீக்கிரம் சாகடிக்கும்.

படி 6: மேனுவல் கண்ட்ரோலரைச் சரிசெய்வது

இடம் முக்கியம். மூன்றாம் கியரில் ரெட்லைன் (இன்ஜினின் ஆர்பிஎம் உச்ச எல்லை) வரை போனாலே 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும், அதனால் இதை ஈசிஆரில் செய்யாதீர்கள். காரை நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் ஓட்டி அளக்கும் டைனோ சிறந்தது. இல்லாவிட்டால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக், கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற இடங்களில் அனுமதி வாங்கிச் செய்யுங்கள். மீட்டரைப் பார்க்க பக்கத்து சீட்டில் இன்னொருவர் வேண்டும், அல்லது லாகர். ஓட்டுபவர் மீட்டரைப் பார்க்கக் கூடாது.

இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைக் குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவாருங்கள். பால்-ஸ்பிரிங்கில் வெளியே எடுத்தால் பூஸ்ட் குறையும். ப்ளீட் வகையில் வால்வை மூடினால் குறையும். மூன்றாம் கியர், 2500 ஆர்பிஎம், ஆக்சிலரேட்டரை மெதுவாக ஆனால் முழுக்க அழுத்துங்கள். முதல் தடவை ரெட்லைன் வரை போக வேண்டாம், 4500-இல் விட்டுவிடுங்கள். பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்குப் பக்கத்திலேயே நின்றால் எல்லாம் சரியாக மாட்டியிருக்கிறீர்கள். எகிறிக்கொண்டே போனால் உடனே காலை எடுங்கள், ஹோஸ் தவறு.

அப்புறம் கால் சுற்று, மறுபடி ஓட்டம். கால் சுற்று, ஓட்டம். ஒவ்வொரு தடவையும் மூன்று எண்களை எழுதுங்கள்: உச்சத்தில் எவ்வளவு, நிலையாக நின்றது எவ்வளவு, ரெட்லைன் பக்கம் எவ்வளவு. வைட்பேண்டில் முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11-க்கும் 12-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆர்பிஎம் ஏற ஏற அது 12-ஐத் தாண்டிப் போனால் பெட்ரோல் பற்றவில்லை, அங்கேயே நிறுத்துங்கள். சின்னக் கூழாங்கற்களைத் தகரத்தில் குலுக்குகிற மாதிரி சத்தம் கேட்டால் நாக்கிங். நிறுத்திவிட்டு ஒரு சுற்று பின்னால் வாருங்கள். ஓட்டங்களுக்கு நடுவில் சில நிமிடம் மெதுவாக ஓட்டி இண்டர்கூலரை ஆற விடுங்கள், இல்லையென்றால் ஐந்தாவது ஓட்டத்தின் எண் முதல் ஓட்டத்தோடு ஒப்பிடவே உதவாது.

இலக்கை உச்ச எண்ணோடு ஒப்பிடுங்கள், நின்ற எண்ணோடு அல்ல. 0.7 வேண்டும், ஆனால் ஒரு நொடி 0.85 தொட்டுவிட்டு 0.7-இல் நிற்கிறது என்றால் உங்கள் இன்ஜின் பார்த்தது 0.85. எண் வந்ததும் நான்காம் கியரில் ஒரு தடவை பாருங்கள். சுமை கூடுவதால் பூஸ்ட் கொஞ்சம் அதிகமாக வரும். அந்த எண்ணை வைத்துத்தான் லாக் நட்டை இறுக்க வேண்டும்.

படி 7: எலெக்ட்ரானிக் என்றால்

மெனு பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே இருப்பது மூன்றே விஷயம். க்ரெடி ப்ரோஃபெக்கில் செட், கெயின், ஸ்டார்ட் பூஸ்ட் என்பார்கள். ஈ-பூஸ்டில் செட் பாயிண்ட், கேட் பிரஷர், சென்சிட்டிவிட்டி.

முதலில் டியூட்டி, அதாவது செட் அளவு (சோலனாய்டுக்கு மின்சாரம் போகும் நேரத்தின் சதவீதம்), பூஜ்யம், கெயின் பூஜ்யம், ஓவர்பூஸ்ட் எச்சரிக்கை இலக்குக்கு 0.1 பார் மேலே. ஓட்டிப் பார்த்தால் ஸ்பிரிங் அளவு வர வேண்டும். பின் டியூட்டியை 5 சதவீதமாக ஏற்றிக்கொண்டே போங்கள். 20 சதவீதம் வரை ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், திடீரென்று ஏறத் தொடங்கும், பொறுமை. இலக்குக்கு 0.05 பார் கீழே வந்ததும் டியூட்டியை விட்டுவிடுங்கள்.

அதன்பின் கேட் பிரஷர் அல்லது ஸ்டார்ட் பூஸ்ட். அந்த அளவு வரும்வரை கண்ட்ரோலர் வேஸ்ட்கேட்டை முழுக்க மூடியே வைத்திருக்கும். இலக்கில் பாதியில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். உச்ச எண் குதிக்கத் தொடங்கினால் ஒரு படி இறங்குங்கள். கெயின் அல்லது சென்சிட்டிவிட்டி கடைசி. அது குறைவாக இருந்தால் பூஸ்ட் இலக்குக்குத் தாமதமாக வரும், அதிகமாக இருந்தால் மேலும் கீழும் ஆடும். கெயினை ஏற்றி ஸ்பைக்கை (உச்ச எண்ணின் அந்தக் குதிப்பை) அடக்க முயற்சி செய்யாதீர்கள், ஸ்பைக் கேட் பிரஷரில்தான் அடங்கும்.

படி 8: சொன்ன பேச்சு கேட்காவிட்டால்

ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போவதுதான் க்ரீப். ஹோஸை நேராக ஆக்சுவேட்டருக்குப் போட்டு ஓட்டுங்கள். அப்போதும் ஏறினால் கண்ட்ரோலர் நிரபராதி. வேஸ்ட்கேட்டின் வழி சிறியது, நீங்கள் போட்ட பெரிய எக்ஸாஸ்ட் அதற்கு அதிகம். டர்போவைக் கழற்றி அந்த வழியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது தனி வேஸ்ட்கேட்.

நடுவில் 0.8 வந்து ரெட்லைனில் 0.6-க்கு இறங்கினால் நேர் எதிர்: எக்ஸாஸ்ட் பின்னழுத்தம் கதவைத் தானாகத் தள்ளித் திறக்கிறது, அல்லது சின்ன டர்போவின் மூச்சு அவ்வளவுதான். முதலாவதற்குப் பலமான ஆக்சுவேட்டர். ஸ்பிரிங் அளவின் இரண்டு மடங்குக்கு மேல் கண்ட்ரோலரிடம் கேட்பது பொதுவாக நடக்காத காரியம். ஆக்சுவேட்டர் கம்பியைக் குட்டையாக்கிச் சமாளிப்பவர்களும் உண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை சரி, அதற்கு மேல் போனால் கதவு முழுக்கத் திறக்க இடமே இருக்காது, க்ரீப் வரும்.

முழு பூஸ்டில் யாரோ சாவியைப் பிடுங்கியது போல கார் வெட்டினால் ஃப்யூல் கட். இசியு தன் இன்ஜினைக் காப்பாற்றுகிறது. இதை ஏமாற்ற ஒரு சின்னப் பெட்டி விற்பார்கள், வாங்காதீர்கள்.

மலை ஏறினால் எண் மாறுவது கோளாறு இல்லை. ஊட்டியில் வளிமண்டல அழுத்தமே சுமார் 77 கிலோபாஸ்கல்தான். அங்கே மீட்டரில் 0.7 பார் காட்ட, சென்னையில் 1.7 மடங்கு அழுத்தினால் போதும் என்ற டர்போ 1.9 மடங்கு அழுத்த வேண்டும். டர்போ அதிகம் சுழல்கிறது, இன்ஜினுக்குக் கிடைப்பதோ குறைவு. கீழே வைத்த பவரை மேலே தேடி ஸ்க்ரூவைத் திருகிவிட்டு, அதே அளவோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவது நல்ல யோசனை இல்லை.

பொருத்திய பிறகு

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கண்ட்ரோலரோடு வேறு என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து சிக்கல் வரலாம். வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். டிராக்குக்கு மட்டும் போகும் கார் என்றால் பாதித் தலைவலி இல்லை.

முதல் வாரம் ஓட்டிய பிறகு எல்லா கிளிப்பையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், சூடு பட்டுத் தளர்ந்திருக்கும். ஹோஸ்களை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. கோடையில் வைத்த அளவை டிசம்பர் குளிரில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். குறிப்பாக ப்ளீட் வகையில் அதே ஸ்க்ரூ நிலையில் எண் கூடியிருக்கும். சர்வீஸுக்கு விடும்போது எலெக்ட்ரானிக் என்றால் குறைந்த செட்டிங்குக்கு மாற்றிக் கொடுங்கள். மேனுவல் என்றால் ஸ்க்ரூவின் மேல் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வண்டி திரும்பி வந்ததும் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.